ஒரே மெஷினில் மூன்று டாம்கேட்: ஓர் ஒண்டுக்குடித்தனக் கணக்கு

"எங்க சர்வர்ல மூணு டாம்கேட் ஓடுது" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கு அர்த்தம் உண்டு. ஒரே டாம்கேட்டுக்குள் மூன்று அப்ளிகேஷன் ஓடலாம். ஒரே டாம்கேட் மூன்று டொமைன் பெயர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். டாம்கேட் ஃபோல்டரை மூன்று முறை காப்பி செய்து மூன்றையும் கிளப்பியிருக்கலாம். அல்லது டாம்கேட்டை ஒரே இடத்தில் நிறுவி, அதிலிருந்து மூன்று இன்ஸ்டன்ஸ் ஓட்டலாம். பிரவுசரிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் வித்தியாசம் புரியும்: முதல் இரண்டில் டாம்கேட்டை நிறுத்தினால் மூன்றும் சேர்ந்து நிற்கும்.

இங்கே விளக்கப்போவது நான்காவது வகை. டாம்கேட், ஜாவாவில் எழுதிய வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர். அப்பாச்சி அறக்கட்டளை இலவசமாக வெளியிடுவது. லினக்ஸ் மெஷினை வைத்தே சொல்கிறோம்.

## இன்ஸ்டன்ஸ் என்றால் எது?

டிஸ்கில் கிடக்கும் டாம்கேட் வெறும் ஃபைல்கள்தான், ஒரு சமையல் குறிப்பு மாதிரி. அதே குறிப்பைப் பார்த்து மூன்று அடுப்பில் மூன்று பேர் சமைக்கலாம். கிளப்பியதும் இயங்குதளம் அதற்கென்று நினைவகத்தில் இடம் ஒதுக்கி, ஒரு எண்ணும் கொடுத்து ஓட்டுகிறது. இப்படி ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் பெயர் ப்ராசஸ். ஒரு டாம்கேட் ப்ராசஸ், அதற்குரிய அமைப்பு ஃபைல்கள், நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக், அப்ளிகேஷன்கள் எல்லாம் சேர்ந்தது ஓர் இன்ஸ்டன்ஸ்.

ஒரே மெஷினில் பல இன்ஸ்டன்ஸ் என்பது பழைய ஒண்டுக்குடித்தன வீடு. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு, தனிப் பூட்டு. கிணறும் கூரையும் எல்லோருக்கும் பொது. அந்த வீடுகளில் சண்டை வந்தால் பெரும்பாலும் பொதுவானதை வைத்துத்தான் வரும். இங்கும் அப்படியே. எதைப் பிரித்தோம், எது பிரியாமலே இருக்கிறது என்பதைக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தகராறு.

## நாலு கோருக்கு நாலு டாம்கேட்டா?

வேகத்துக்காகப் பல இன்ஸ்டன்ஸ் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ப்ராசஸுக்குள் வேலை பார்க்கும் ஆட்களுக்கு த்ரெட் என்று பெயர். டாம்கேட்டின் ஒரு கனெக்டர் (வெளியிலிருந்து கோரிக்கைகளை வாங்கும் பகுதி) வழக்கமாக 200 த்ரெட் வரை வைத்துக்கொள்ளும். கோர் என்பது ப்ராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஓர் அலகு. த்ரெட்கள் மெஷினில் உள்ள எல்லா கோர்களிலும் பரவித்தான் ஓடுகின்றன. ஆகவே ஒரே டாம்கேட்டால் எட்டு கோரையும் முழுசாகப் பயன்படுத்த முடியும்.

"கோருக்கு ஒன்று" என்ற கணக்கு நோடு.ஜேஎஸ், பைத்தான் பக்கத்திலிருந்து வந்தது. நோடில் நம் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில் ஓடும். வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் நிரலை ஓட்ட முடியும். அங்கே கோர்களை நிரப்பப் பல ப்ராசஸ் வேண்டும். ஜாவாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பிறகு எதற்கு? ஒரு அப்ளிகேஷன் நினைவகத்தைக் கசியவிட்டு விழுந்தால் மற்றது விழக்கூடாது என்பதற்காக. கணக்குப் பிரிவின் அப்ளிகேஷனை மதியம் ரீஸ்டார்ட் செய்யும்போது விற்பனைப் பிரிவின் அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. ஒன்றுக்கு ஜாவா 11, இன்னொன்றுக்கு ஜாவா 17 வேண்டும் என்பதற்காக. ஒரே அப்ளிகேஷனை இரண்டு இன்ஸ்டன்ஸில் வைத்து, ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, தளம் நிற்காமல் டிப்ளாய் செய்வதற்காகவும் (அதாவது புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றி ஓடவைப்பதற்காகவும்).

சுருக்கமாக: இன்ஸ்டன்ஸ்களைப் பிரிப்பது ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாமல் இருக்க. மெஷினே விழுந்தால் எல்லாம் விழும், கூரை ஒன்றுதானே.

## ஹோமும் பேஸும்

டாம்கேட் ஃபோல்டரை முழுசாக மூன்று காப்பி எடுப்பது வேலை செய்யும்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். மூன்றாவதை யாராவது மறப்பார்கள். டாம்கேட்டை எழுதியவர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அதன் உள் எஞ்சினுக்குக் கேட்டலினா என்று பெயர். அந்தப் பெயரில் இரண்டு சூழல் மாறிகள் (நிரலைக் கிளப்பும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) உண்டு: கேட்டலினா ஹோம், கேட்டலினா பேஸ்.

ஹோம் என்பது நிரல் இருக்கும் இடம். அதில் பின், லிப் என்ற இரு ஃபோல்டர்களே முக்கியம். இது எல்லோருக்கும் பொது. நிறுவிய பிறகு இதில் கை வைக்கக்கூடாது. பேஸ் என்பது ஓர் இன்ஸ்டன்ஸின் சொந்த இடம். அமைப்பு ஃபைல்களுக்கு கான்ஃப், லாக்குக்கு லாக்ஸ், அப்ளிகேஷன்களுக்கு வெப்ஆப்ஸ், ஜேஎஸ்பி (ஜாவா கலந்து எழுதும் வெப் பக்கம்) பக்கங்களை ஜாவா நிரலாக மாற்றி எழுதிவைக்க வொர்க், தற்காலிக ஃபைல்களுக்கு டெம்ப் என்று ஐந்து ஃபோல்டர். பேஸ் குறிப்பிடப்படாவிட்டால் ஹோமே பேஸாகவும் இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு டாம்கேட் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பிரிவினையே தெரிவதில்லை.

புதிய பேஸ் உருவாக்க டாம்கேட் 9 முதல் பின் ஃபோல்டரிலேயே மேக்பேஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. கையால் செய்வதும் இரண்டு நிமிட வேலை: ஹோமிலிருந்து கான்ஃபை மட்டும் காப்பி எடுத்து, மற்ற நான்கையும் காலியாக உருவாக்க வேண்டும். லாக்ஸ் ஃபோல்டரை உருவாக்க மறந்தால் கிளப்பும் ஸ்கிரிப்ட் எழுத இடமில்லாமல் அங்கேயே விழுந்துவிடும்.

பேஸுக்குள் ஆறாவதாக ஒரு பின் ஃபோல்டர் வைத்து, அதில் செட்என்வ் என்ற சிறு ஸ்கிரிப்டையும் போட்டுக்கொள்ளுங்கள். நினைவக அளவு, ஜாவா இருக்கும் இடம் போன்ற ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் உரியவை இதில்தான். டாம்கேட் முதலில் பேஸில் தேடும். இல்லையென்றால்தான் ஹோமில் தேடும். ஹோம், பேஸ் முகவரிகளை மட்டும் இந்த ஸ்கிரிப்டுக்குள் எழுதக்கூடாது. இதைக் கண்டுபிடிப்பதற்கே அந்த முகவரிகள் முன்கூட்டித் தெரிய வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும்.

ஒரு வரம்பு: எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் ஒரே ஹோம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே டாம்கேட் பதிப்பு. டாம்கேட் 10-இல் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) தொகுப்புப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. 9-இல் ஓடிய அப்ளிகேஷன் 10-இல் அப்படியே ஓடாது. பழையதும் புதியதும் ஒரே மெஷினில் இருக்க வேண்டுமானால் இரண்டு ஹோம் தேவை.

## போர்ட்: தகராறு தொடங்கும் இடம்

மெஷினின் ஐபி முகவரி கட்டடத்தின் முகவரி என்றால், போர்ட் கதவு எண். ஒரே ஐபி முகவரியில் ஒரு கதவு எண்ணை ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் வைத்துக்கொள்ள முடியும். டாம்கேட் ஒன்றுக்கு மேற்பட்ட கதவு வைத்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. கான்ஃபுக்குள் இருக்கும் சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலில் பார்க்கலாம்: பிரவுசர்கள் வரும் 8080, நிறுத்தும் கட்டளை வரும் 8005, முன்னால் நிற்கும் வெப் சர்வருடன் ஏஜேபி நெறிமுறையில் பேச 8009. கடைசியில் சொன்னது 2020-இல் வெளிவந்த கோஸ்ட்கேட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு வந்த பதிப்புகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பில் திறந்திருக்கும்.

இரண்டாவது இன்ஸ்டன்ஸ் போடும் புதியவர் என்ன செய்கிறார்? 8080-ஐ 8081 ஆக்கிவிட்டு, 8005-ஐ அப்படியே விட்டுவிடுகிறார். அப்போது நடப்பது கொஞ்சம் விசித்திரம். டாம்கேட் கிளம்பும். அப்ளிகேஷன்கள் டிப்ளாய் ஆகும். "இத்தனை மில்லிசெகண்டில் சர்வர் தொடங்கியது" என்ற வரிகூட லாக்கில் விழும். அதற்கடுத்த நொடி 8005-ஐத் திறக்கப் பார்த்து, அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழை வந்து, தன்னையே நிறுத்திக்கொண்டுவிடும். "ஸ்டார்ட் ஆகி உடனே செத்துடுது" என்று புலம்புபவர்கள் தொடங்கியது என்ற வரியோடு படிப்பதை நிறுத்தியவர்கள். அதற்குக் கீழே இருக்கிறது விடை.

தலைகீழாக, 8005-ஐ மாற்றி 8080-ஐ மறந்தால் ப்ராசஸ் சாகாது. கனெக்டரைத் தொடங்க முடியவில்லை என்று லாக்கில் எழுதிவிட்டு, கதவே இல்லாத வீடாக ஓடிக்கொண்டிருக்கும். ப்ராசஸ் பட்டியலில் இருக்கும், நினைவகத்தைத் தின்னும், ஒரு கோரிக்கையும் வராது. பிரவுசரில் 8080-ஐத் திறந்தால் பழைய இன்ஸ்டன்ஸ் பதில் சொல்லும். "நான் செய்த மாற்றம் தெரியவில்லையே" என்று அரை நாள் ஓடிவிடும்.

இதைவிட மோசமானது நிறுத்தும்போது நடக்கும். நிறுத்தும் ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்கிறது? பேஸிலுள்ள சர்வர்.எக்ஸ்எம்எல்லைப் படித்து, அதில் உள்ள நிறுத்தும் போர்ட்டுக்கு "ஷட்டவுன்" என்ற சொல்லை அனுப்புகிறது. அவ்வளவுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. இரண்டாவது இன்ஸ்டன்ஸின் ஃபைலில் 8005 என்றே இருந்தால், அதை நிறுத்தப்போய் முதலாவதை நிறுத்திவிடுவீர்கள். பக்கத்துப் போர்ஷன் ஃபியூஸைப் பிடுங்கியதுபோல. பேஸ் மாறியைக் குறிப்பிடாமல் ஸ்கிரிப்டை ஓட்டினாலும் இதே விபத்துதான்.

எண்களை மனம்போனபடி கொடுக்காமல் ஒரு முறை வைத்துக்கொள்வது நல்லது. நூறாம் இடத்து இலக்கம் இன்ஸ்டன்ஸ் எண்: முதலாவதுக்கு 8105, 8180, இரண்டாவதுக்கு 8205, 8280, மூன்றாவதுக்கு 8305, 8380. லாக்கில் 8280 என்று பார்த்ததும் எந்த இன்ஸ்டன்ஸ் என்று எண்ணே சொல்லிவிடும். எந்தப் போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க எஸ்எஸ் கட்டளையோடு எல், டி, என், பி என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓட்டுங்கள். போர்ட்டும் ப்ராசஸ் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

சுருக்கமாக: ஓர் இன்ஸ்டன்ஸுக்குக் குறைந்தது இரண்டு போர்ட். இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றினோமா என்பதற்குச் சாட்சி லாக்கின் கடைசி வரிகள்.

## கிளப்புவதும் நிறுத்துவதும்

ஹோமில் உள்ள அதே ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைத்தான் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் ஓட்டுகிறோம். ஓட்டுமுன் பேஸ் மாறியை மட்டும் மாற்றுகிறோம். நாள்தோறும் ஓடும் சர்வரில் இதைக் கையால் செய்யக்கூடாது. லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டி-யில் டெம்ப்ளேட் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. டாம்கேட் என்ற பெயருக்குப் பின்னால் @ குறி போட்டு ஒரே ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதினால் போதும். @ குறிக்குப் பின் நீங்கள் கொடுக்கும் பெயர், பேஸ் ஃபோல்டரின் பெயராகப் போய் உட்காரும். டாம்கேட்@கணக்கு, டாம்கேட்@விற்பனை என்று தனித்தனியாகத் தொடங்கலாம், நிறுத்தலாம். ஜாவா ப்ராசஸ் நிறுத்தச் சொன்னதும் ஒழுங்காக முடிந்தாலும் 143 என்ற எண்ணைத் திருப்பும்; அதையும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்படி சர்வீஸ் ஃபைலில் எழுதாவிட்டால், ஒவ்வொரு முறையும் "தோல்வி" என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருக்கும்.

செட்என்வில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜாவாவுக்கான விருப்பங்களைக் கொடுக்க ஜாவா ஆப்ட்ஸ், கேட்டலினா ஆப்ட்ஸ் என்று இரண்டு மாறிகள். முதலாவது கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் பயன்படும். இரண்டாவது கிளப்பும்போது மட்டும். கண்காணிப்புக்கான ஜேஎம்எக்ஸ் போர்ட்டை முதலாவதில் எழுதிவிட்டால், நிறுத்தும் கட்டளையும் ஒரு சின்ன ஜாவா ப்ராசஸ்தானே, அதுவும் அதே போர்ட்டைத் திறக்கப் பார்த்து விழும். டாம்கேட் நிற்கவே நிற்காது. நினைவக அளவும் ஜேஎம்எக்ஸ் போர்ட்டும் எப்போதும் கேட்டலினா ஆப்ட்ஸில்தான்.

இன்னொன்று: சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு முறை ரூட் பயனராகக் கிளப்பிவிட்டால், லாக்ஸிலும் வொர்க்கிலும் ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்கள் உருவாகிவிடும். அடுத்த முறை சாதாரணப் பயனராகக் கிளப்பும்போது அவற்றில் எழுத முடியாமல் தடுமாறும். பேஸ் முழுவதன் உரிமையையும் அந்தப் பயனருக்கு மாற்றினால் தீரும்.

## கிணறு ஒன்றுதான்

ஜாவா தன் பொருள்களை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதிக்கு ஹீப் என்று பெயர். அதன் உச்ச அளவை நாம் சொல்லாவிட்டால், பொதுவாக மெஷின் நினைவகத்தில் கால்வாசி என்று ஜாவா தானே முடிவு செய்துகொள்கிறது. 8 ஜிபி மெஷினில் ஓர் இன்ஸ்டன்ஸுக்கு 2 ஜிபி. நான்கு இன்ஸ்டன்ஸ் போட்டால் 8 ஜிபி. ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் குடியிருப்பதாக நினைத்து இறைக்கிறது.

ஹீப் மட்டும் கணக்கில்லை. கிளாஸ் விவரங்கள், மொழிமாற்றிய நிரல், த்ரெட் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் லினக்ஸில் 1 எம்பி வரை அடுக்கு இடம் என்று வெளியே வேறு செலவு உண்டு. ஹீப்புக்கு மேல் ஓர் இன்ஸ்டன்ஸுக்கு 300 முதல் 500 எம்பி ஒதுக்கிவைப்பது நடைமுறை. 8 ஜிபி மெஷினில் டேட்டாபேஸும் இருந்து அதற்கு 2 ஜிபி, இயங்குதளத்துக்கு 1 ஜிபி போனால், மிச்சம் 5. மூன்று இன்ஸ்டன்ஸுக்கு ஹீப் 1 ஜிபி வீதம் கொடுத்தால் மொத்தம் 4.5-க்குள் நிற்கும். நான்காவது வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கணக்கு மீறினால் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கொல்லப்பட்ட டாம்கேட்டின் லாக்கில் பிழை எதுவும் இருக்காது. பாதி வரியில்கூட நின்றிருக்கும். டிமெசேஜ் கட்டளையில் கர்னலின் குறிப்பைப் பார்த்தால் அங்கே பெயரோடு இருக்கும். பாவம், கொல்லப்பட்டதுதான் அளவு மீறியது என்று நினைக்காதீர்கள். தன் அளவுக்குள் ஒழுங்காக இருந்த பெரிய ப்ராசஸ்தான் பலமுறை பலியாகும்.

## குக்கி கதவு எண் பார்ப்பதில்லை

ஒருவர் உள்நுழைந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் பதிவுக்கு செஷன் என்று பெயர். அதன் அடையாள எண்ணை டாம்கேட் ஜேசெஷன்ஐடி என்ற குக்கியில் (பிரவுசர் வைத்திருந்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) பிரவுசருக்குக் கொடுக்கிறது. பிரவுசர் குக்கிகளை ஹோஸ்ட் பெயரையும் பாதையையும் வைத்துத்தான் பிரிக்கிறது; போர்ட் எண்ணை வைத்துப் பிரிப்பதில்லை. குக்கிக்கான ஆர்எஃப்சி 6265 தரக்குறிப்பே இதை வெளிப்படையாகச் சொல்கிறது.

விளைவைப் பாருங்கள். ஒரே ஹோஸ்டின் 8180-இலும் 8280-இலும் இரண்டு அப்ளிகேஷன், இரண்டும் வேர்ப் பாதையில். முதலாவதில் உள்நுழைகிறீர்கள். அடுத்த டேபில் இரண்டாவதைத் திறக்கிறீர்கள். அது அதே பெயரில் தன் குக்கியைக் கொடுத்துப் பழையதை அழிக்கிறது. முதல் டேபுக்குத் திரும்பினால் மறுபடி உள்நுழையச் சொல்கிறது. நிரலில் தப்பே இல்லை. கான்ஃபில் உள்ள கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் ஃபைலில் செஷன் குக்கிக்கு ஒவ்வோர் இன்ஸ்டன்ஸிலும் வேறு பெயர் கொடுத்தால் சரியாகிவிடும். வேறு வேறு டொமைன் பெயரில் வைத்தாலும் சரி.

## முன்வாசல்

பயனர்களிடம் 8180, 8280 என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி வெப் சர்வர் நின்று 80, 443 போர்ட்டுகளில் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும். இதற்கு ரிவர்ஸ் ப்ராக்சி என்று பெயர். 1024-க்குக் கீழான போர்ட்டுக்கு லினக்ஸில் சிறப்பு அனுமதி வேண்டும் என்பதால் டாம்கேட்டை ரூட்டாக ஓட்ட வேண்டிய தேவையும் இதனால் ஒழிகிறது.

ஒரே அப்ளிகேஷனை இரண்டு இன்ஸ்டன்ஸில் ஓட்டும்போது மட்டும் கூடுதல் கவனம். என்ஜின்எக்ஸ் இயல்பாக மாற்றி மாற்றி அனுப்பும். முதல் கோரிக்கை அங்கே, இரண்டாவது இங்கே. இங்கிருக்கும் இன்ஸ்டன்ஸுக்கு அந்த செஷன் தெரியாது. ஐபி ஹேஷ் அமைப்பைப் போட்டால் ஒரே ஐபியிலிருந்து வருபவர் ஒரே இன்ஸ்டன்ஸுக்குப் போவார். ஆனால் அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்ப்பதால், ஓர் அலுவலகமே ஒரே பக்கம் குவியும். அப்பாச்சியை முன்னால் வைத்தால் இன்னும் நேர்த்தியான வழி உண்டு: சர்வர்.எக்ஸ்எம்எல்லில் எஞ்சின் உறுப்புக்கு ஜேவிஎம்ரூட் என்று ஒரு பெயர் கொடுத்தால், செஷன் எண்ணின் வாலில் ஒரு புள்ளி வைத்து அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்பாச்சி அந்த வாலைப் படித்து உரிய இடத்துக்கு அனுப்பும்.

## இரண்டு முறை போகும் மின்னஞ்சல்

ஒரே அப்ளிகேஷன் இரண்டு இடத்தில் ஓடுகிறது என்பதை அந்த அப்ளிகேஷன் அறியாது. இரவு 12 மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலை நிரலுக்குள்ளேயே இருந்தால், இரண்டு இன்ஸ்டன்ஸும் அனுப்பும். ஓர் இன்ஸ்டன்ஸில் மட்டும் அந்த வேலையை இயக்க செட்என்வில் ஒரு மாறி வைக்கலாம். அல்லது டேட்டாபேஸில் பூட்டுபோல ஒரு பதிவு வைத்து, முதலில் பிடித்தவர் மட்டும் ஓட்டலாம்.

டேட்டாபேஸ் இணைப்பும் பெருகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். ஓர் இன்ஸ்டன்ஸின் இணைப்புத் தொகுப்பு 40 என்று வைத்திருந்தால் இரண்டு தாங்கும். மூன்றாவதைக் கூட்டிய அன்று, கூட்டம் அதிகமான நேரத்தில் இணைப்பு மறுக்கப்படும். தப்பு மூன்றாவதில் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் பிழை மூன்றிலும் மாறி மாறி வரும்.

பயனர்கள் ஏற்றும் படங்களை பேஸுக்குள் சேமித்தாலும் சிக்கல்தான்: ஒன்றில் ஏற்றிய படம் இன்னொன்றில் இருக்காது. பேஸுக்கு வெளியே பொது ஃபோல்டர் ஒன்றைக் காட்டிவிடுங்கள். லாக் ஃபைலை மட்டும் ஒருபோதும் பொதுவாக்க வேண்டாம்.

## சரியாகப் பிரிந்ததா?

எல்லாம் முடிந்ததும் நடு இன்ஸ்டன்ஸை நிறுத்துங்கள். எஸ்எஸ் கட்டளையில் அதன் இரண்டு போர்ட்டும் மறைந்து, மற்ற நான்கும் இருக்க வேண்டும். மறுபடி கிளப்பி, லாக்கின் கடைசி வரிவரை படியுங்கள். பிறகு ஒரே பிரவுசரில் மூன்றிலும் உள்நுழைந்து, டேப் மாற்றி மாற்றி இரண்டு சுற்று வாருங்கள்.

கடைசியாக மெஷினை ரீபூட் செய்யுங்கள். டெம்ப்ளேட் சர்வீஸ் ஒரே ஃபைல் என்றாலும், பூட் ஆகும்போது தானே கிளம்பும்படி ஒவ்வோர் இன்ஸ்டன்ஸையும் தனித்தனியாக இனேபிள் செய்திருக்க வேண்டும். மறந்துபோன ஒன்று இப்போதே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டுக்குப் பிறகு தெரியும்.